ஓகே ஆன பிறகும் ஒரு டேக்

2011 சட்டமன்றத் தேர்தலில், அன்றைக்கு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ரிஷிவந்தியம் தொகுதி நடிகர் விஜயகாந்தைத் தேர்ந்தெடுத்தது. அதே மாவட்டத்தின் பிரம்மதேசம், திண்டிவனம் பக்கத்து ரசிகர்களுக்கும் அவர் ‘கேப்டன்’தான், 1991-இல் வந்த ‘கேப்டன் பிரபாகரன்’ தந்த பட்டம் அது. அந்தப் பட்டத்துக்கு முதலாக நின்றது, டூப் போடாமல் சண்டை போடுகிறவர் என்ற பெயர். வசனம் வேறொருவர் எழுதியது, பாட்டு வேறொருவர் குரல்; சுவரில் கால்வைத்து எகிறி உதைப்பது மட்டும் அவரே என்பதில் ரசிகனுக்குச் சந்தேகமில்லை. சண்டை நாயகர்களை வளர்த்தது இந்த நம்பிக்கை. படப்பிடிப்புத் தளத்தில் அவர்களைப் பார்த்து ‘போதும்’ என்று சொல்ல ஆளில்லாமல் செய்ததும் இதே நம்பிக்கைதான் என்பது என் வாதம்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் நடந்ததைப் பாருங்கள். மலையாள நடிகர் ஜெயன் கடற்படையில் பணியாற்றிவிட்டுத் திரைக்கு வந்தவர். 1974-இல் தொடங்கி ஆறே ஆண்டுகளில் கேரளத்தின் பெரிய சண்டை நாயகனாகிவிட்டார். மகேந்திரனின் ‘பூட்டாத பூட்டுக்கள்’ வழியே தமிழர்களுக்கும் தெரிந்த முகம். 1980 நவம்பர் 16 அன்று, பி.என். சுந்தரம் இயக்கிய ‘கோளிளக்கம்’ படத்தின் உச்சக்கட்டக் காட்சி. ஓடும் பைக்கிலிருந்து எழும்பி, தாழப் பறக்கும் ஹெலிகாப்டரைப் பிடித்துத் தொங்க வேண்டும். காட்சி ஏற்கெனவே ஓகே ஆகிவிட்டது. திருப்திப்படாமல் இன்னொரு டேக் கேட்டவர் ஜெயன்தான் என்பது அன்றுதொட்டுச் சொல்லப்பட்டுவரும் செய்தி. அந்த டேக்கில் ஹெலிகாப்டர் நிலைதடுமாறித் தரையில் மோதியது. ஜெயன் இறந்தார், அப்போது அவருக்கு வயது 41.

இயந்திரம் செய்த பிழைக்கு நடிகரின் பிடிவாதத்தைக் குறைசொல்லலாமா என்று கேட்பார்கள். இயந்திரம் எந்த நிமிடமும் பிழைசெய்யக்கூடியது என்பதால்தான் தேவைக்குமேல் ஒருமுறைகூட அதை இயக்கக் கூடாது. தெரிந்தே ஏற்ற ஆபத்து, அவர் உயிர், அவர் விருப்பம் என்பது அடுத்த கேள்வி. ஆனால் ஹெலிகாப்டருக்குள் விமானியும் நடிகர் பாலன் கே. நாயரும் இருந்தார்கள். நாயகன் கேட்ட டேக்குக்கு அவர்கள் உயிரும் பணயம். 1986-இல் யூகோஸ்லாவியாவில் ‘ஆர்மர் ஆஃப் காட்’ படத்துக்காக ஜாக்கி சான் மரத்தை நோக்கித் தாவியதும் இதே கதைதான். முதல் தாவல் நன்றாகவே வந்தது. அது போதாதென்று மறுபடி தாவியபோது கிளை முறிந்து மண்டை ஓடு பிளந்தது. அவர் பிழைத்தார் என்பதால் அது சாகசக் கதையாகச் சொல்லப்படுகிறது. ஜெயனுக்கும் அவருக்கும் நடுவே இருந்தது அதிர்ஷ்டம் ஒன்றே.

கிராபிக்ஸ் வந்தபின் இதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு 2025 ஜூலை 13-ஐ நினைவூட்ட வேண்டும். நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில், பா. ரஞ்சித்தின் ‘வேட்டுவம்’ படப்பிடிப்பில் சாய்தளத்தில் ஏறிப் பாய்ந்த கார் கவிழ்ந்து, அனுபவம் மிக்க சண்டைக் கலைஞர் மோகன்ராஜ் இறந்தார். முன்னேற்பாடுகள் எல்லாம் செய்திருந்ததாக இயக்குநர் அறிக்கை வெளியிட்டார். அது அப்படியே இருக்கட்டும். நான் பேசுவது ஏற்பாட்டைப் பற்றியல்ல, அதிகாரத்தைப் பற்றி. நாயகனைத் தடுக்க முடியாததற்குக் காரணம் அவருடைய உயரம். தினக்கூலிச் சண்டைக் கலைஞரோ, தானாகப் பின்வாங்கினால் அடுத்த படத்துக்கு அழைப்பு வராதே என்று அஞ்ச வேண்டிய இடத்தில் இருக்கிறார். அபாயக் காட்சியை நிறுத்தும் உரிமை, படத்தின் லாப நஷ்டத்தில் பங்கில்லாத ஒருவர் கையில் இருக்க வேண்டும். அது படைப்புச் சுதந்திரத்தைக் கெடுக்கும் என்பவர்கள் சோழவரத்தையே இன்னொருமுறை பார்க்கலாம். ஜெயன் விழுந்த காலத்தில் அங்கே மோட்டார் பந்தயங்களும் நடந்துவந்தன. பந்தயத்தில் சிவப்புக் கொடி ஓட்டுநர் கையில் இருப்பதில்லை. அதிகாரி காட்டினால் முன்னணியில் இருப்பவரும் வேகத்தைக் குறைத்துப் பந்தயத்தை நிறுத்தியாக வேண்டும்.