எம்42 வில்லைகளை எண்ணிம ஒளிப்படக்கருவிகளில் பயன்படுத்தல்

எம்42 என்பது 42 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் புரியிடைத் தூரமும் கொண்ட திருகு வகை வில்லை இணைப்பு முறையாகும். செருமனியின் திரெசுடன் நகரில் உருவான காண்டாக்சு எஸ் ஒளிப்படக்கருவி 1949 ஆம் ஆண்டில் இம்முறையுடன் வெளிவந்தது. பின்னர் பிராக்டிகா, பென்டாக்சு, சோவியத்தின் செனித் ஆகியனவும் இதனைக் கையாண்டன. பென்டாக்சு 1975 இல் இம்முறையைக் கைவிட்டது. எனினும் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட இவ்வில்லைகள், இணைப்பு வளையத்தின் (அடாப்டர்) துணையுடன் எண்ணிமக் கருவிகளில் இன்றும் பயன்படுகின்றன.

பதிகைத் தூரம்

ஒரு வில்லை குறிப்பிட்ட கருவிக்குப் பொருந்துமா என்பதைத் திருகு தீர்மானிப்பதில்லை. வில்லை பொருந்தும் முகப்புக்கும் உணரிக்கும் இடையிலான தொலைவே தீர்மானிக்கிறது. எம்42 இல் இது 45.46 மி.மீ. ஆகும். கருவியின் தொலைவு இதைவிடக் குறைவாயின், எஞ்சிய இடைவெளியை வளையம் நிரப்பும். கேனன் ஈஎஃப் (44 மி.மீ.) கருவிக்கு மெல்லிய வளையமே போதும். ஆனால் முழுச்சட்ட உணரி கொண்ட கேனன் கருவிகளில், சில வில்லைகளின் பின்பகுதியில் உள்ளாடி மோதிச் சேதமடையக்கூடும். நிக்கான் எஃப் கருவியின் தொலைவு 46.5 மி.மீ. ஆதலால் மலை, நிலவு போன்ற தொலைப்பொருட்கள் குவியத்துக்கு வாரா. அண்மைப் படங்கள் மட்டுமே இயலும். திருத்தக் கண்ணாடி பதித்த வளையங்கள் இக்குறையைப் போக்கினும் படத்தின் தெளிவைக் கெடுக்கின்றன.

2008 முதல் வெளிவந்த ஆடியற்ற கருவிகள் (மிரர்லெஸ்) இச்சிக்கலைத் தீர்த்தன. சோனி ஈ முறையில் தொலைவு 18 மி.மீ. மட்டுமே. மோதுவதற்கு ஆடியும் இல்லை.

இயக்குதல்

வில்லையைக் கருவி அடையாளம் காணாது. எனவே வில்லையின்றிப் படமெடுக்க இசையும் அமைப்பை முதலில் இயக்க வேண்டும். ஒளித்துவாரத்தை வில்லையிலுள்ள வளையத்தால் மாற்ற வேண்டும். பல வில்லைகளில் பின்புற ஊசி அழுத்தப்பட்டால்தான் துவாரம் சுருங்கும். ஊசியை அழுத்தாத வளையமாயின், வில்லையின் ஏ/எம் விசையை எம் நிலையில் வைக்க வேண்டும். இதனை அறியாதோர் நல்ல வில்லையைப் பழுதென எண்ணி விடுவதுண்டு. குவியப்படுத்தலுக்கு உருப்பெருக்கிய காட்சியும், கூர்மையான விளிம்புகளை வண்ணமிட்டுக் காட்டும் வசதியும் உதவுகின்றன. இரண்டில் உருப்பெருக்கமே நம்பத்தக்கது.

படத்தின் தன்மை

கார்ல் சைசின் பயோட்டாரைத் தழுவிய சோவியத் எலியோசு 44-2 (58 மி.மீ., எஃப்/2), பின்னணியைச் சுழல்வதுபோல் காட்டுவதற்குப் பெயர்பெற்றது. பழைய பூச்சுகள் எதிரொளியைத் தாங்குவதில் குறைவானவை. எனவே வில்லை மறைப்பு பயன்படுத்துவது நன்று.

பென்டாக்சின் 50 மி.மீ., எஃப்/1.4 தக்குமார் வில்லையின் பிந்தைய வடிவங்களில் தோரியம் கலந்த கண்ணாடி உள்ளது. இது காலப்போக்கில் மஞ்சளாகிறது. வெண்சமநிலை நிறத்தைச் சரிசெய்தாலும், இழந்த ஒளி மீளாது. புறவூதா ஒளி மஞ்சளைக் குறைக்கும். ஆயினும் வெயிலில் கவனிப்பாரின்றி விடப்பட்ட வில்லை, கதிர்களைக் குவித்துத் தீ மூட்டக்கூடும். இக்கண்ணாடியைத் தேய்ப்பதோ உடைப்பதோ கூடாது, அதன் தூள் உடலினுள் செல்வதே கதிரியக்கத்தின் முதன்மை ஆபத்து.