சைப்ரஸில் ஒரு வீடு: பட்டா யார் பேரில்?

அத்தானுக்கு ஷார்ஜாவில் 26 வருஷம் ஆகிவிட்டது. இன்னும் ஒன்றரை வருஷத்தில் வேலை முடிகிறது. வேலை முடிந்தால் விசாவும் முடிகிறது. பையன் லண்டனில், பெண் பெங்களூரில். கோவில்பட்டி பக்கம் இருந்த பூர்வீக வீட்டைப் பங்கு பிரித்தபோது சித்தப்பா குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்தாயிற்று. ரிட்டயர் ஆனபிறகு எங்கே போய் உட்காருவது என்ற கேள்வி ஊரைவிட்டு வந்த நம் எல்லோருக்கும் உண்டுதான். நானும் மும்பையில் அதே கேள்வியோடுதான் லோக்கல் ட்ரெயினில் தொங்கிக்கொண்டு போகிறேன். அத்தான் கொஞ்சம் முந்திக்கொண்டார்.

அவர் அனுப்பிய படத்தில் நீலக் கடல், வெள்ளைக் கட்டடம், பால்கனியில் இரண்டு நாற்காலி. இடம் வடக்கு சைப்ரஸில் இஸ்கேலே என்ற கடற்கரை ஊர். விலை, நம்ம மீரா ரோடு டூ பெட்ரூம் விலையைவிடக் குறைவு! 2,000 பவுண்ட் அட்வான்ஸும் கட்டிவிட்டார். அதற்கப்புறம்தான் என் ஞாபகம் வந்திருக்கிறது. "நீ பேங்க்ல இருக்கே, பேப்பரை ஒரு பார்வை பார்த்துச் சொல்லு" என்றார். அடுத்த அரை மணியில் அக்கா போன். "தம்பி, வேண்டாம்னு பட்டுனு சொல்லிடாதே. மூணு மாசமா அந்தப் படத்தையே பார்த்துக்கிட்டு இருக்காரு. பக்குவமாச் சொல்லு."

பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே வழி சரித்திரம்தான். பி.காம். படித்தவனுக்குச் சரித்திரம் எதற்கு என்று கேட்காதீர்கள். கடன் பிரிவில் பத்து வருஷம் உட்கார்ந்தவனுக்கு மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் சரித்திரம்தானே. வீட்டைப் பிறகு பார்க்கலாம், முதலில் முப்பது வருஷத்துக்குப் பத்திரத்தைக் கொண்டுவா என்பதுதான் எங்கள் தொழில் பாடம். சைப்ரஸுக்கு முப்பது போதாது. ஒரு நூற்றைம்பது வருஷமாவது போகவேண்டும்.

மத்தியதரைக் கடலில் சிசிலி, சார்டினியாவுக்கு அடுத்த பெரிய தீவு சைப்ரஸ். பரப்பு 9,251 சதுர கிலோமீட்டர். 1571-லிருந்து துருக்கி சுல்தான்களிடம் இருந்தது. 1878-ல் ஒரு ஒப்பந்தம் போட்டு நிர்வாகத்தை வெள்ளைக்காரன் வாங்கிக்கொண்டான். சூயஸ் கால்வாய்க்குப் பக்கத்தில், இந்தியா போகும் வழியில் ஒரு கால் ஊன்ற இடம் வேண்டுமே. வந்தவுடன் முதல் வேலை சர்வே. அதற்கு அனுப்பப்பட்ட 28 வயது லெப்டினன்ட் பெயர் கிச்சனர். ஆமாம், 1902-லிருந்து 1909 வரை நம் நாட்டில் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த அதே கிச்சனர்தான். அவர் தயாரித்த வரைபடம் 1885-ல் வெளியானது. பிறகு 1909-லிருந்து 1929 வரை கிராமம் கிராமமாகப் போய், எந்த நிலம் யாருடையது, மதிப்பு என்ன என்று பதிந்தார்கள். அந்தப் பதிவேட்டின்படி கொடுக்கிற உரிமைப் பத்திரத்துக்கு ஊர் வழக்கில் 'கோச்சான்' என்று பெயர். துருக்கி வார்த்தை. கிரேக்கரும் அதையே கொஞ்சம் திருப்பிச் சொல்கிறார்கள். நம்மூர்ப் பட்டா மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெயரை ஞாபகம் வையுங்கள், கடைசிவரை கூட வரும்.

அங்கே போய் ரிட்டயர் ஆகலாம் என்ற யோசனையும் வெள்ளைக்காரன் ஆரம்பித்ததுதான். 1947-ல் இந்தியா போயிற்று, 1948-ல் பாலஸ்தீனம். கலெக்டராகவும் ஜட்ஜாகவும் கர்னலாகவும் ஊரை ஆண்டவர்களுக்கு இங்கிலாந்துக்குத் திரும்பினால் குளிர், ரேஷன், வேலைக்கு ஆள் கிடையாது. சைப்ரஸ் அப்போது பிரிட்டிஷ் காலனி. வெயில் உண்டு, இங்கிலீஷ் புரியும், பென்ஷன் பணத்தில் ராஜா மாதிரி இருக்கலாம். வடகரையில் கைரீனியா என்ற சின்னத் துறைமுக ஊர் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. வெளியூரில் உழைத்து முடித்துவிட்டுச் சொந்த ஊருக்கும் போக முடியாமல் நடுவழியில் ஒரு ஊரைத் தேடிய கூட்டம். ஆண்டவனாக இருந்தால் என்ன, அத்தானாக இருந்தால் என்ன, நிலைமை ஒன்றுதான்.

இந்தக் கூட்டத்தோடு, ஆனால் ரிட்டயர் ஆகிற வயதில்லாமல், 1953-ல் வந்து சேர்ந்தவர் எழுத்தாளர் லாரன்ஸ் டரல். ஜலந்தரில் பிறந்தவர். கைரீனியாவுக்கு மேலே மலைச்சரிவில் பெல்லபைஸ் கிராமத்தில் ஒரு பழைய வீடு வாங்கினார். அந்தக் கதையை 'பிட்டர் லெமன்ஸ்' என்ற புத்தகத்தில் (1957) எழுதியிருக்கிறார். துருக்கிய வீட்டுத் தரகர் சப்ரி, வீட்டின் சொந்தக்காரி, அவள் கையில் ஒரு பெரிய சாவி. மணிக்கணக்காகப் பேரம் நடந்து 300 பவுண்டில் படிகிறது. எனக்கு அதில் பிடித்தது பேரம் இல்லை, அடுத்த காட்சிதான். விலை படிந்தவுடன் சப்ரி நிம்மதியாக காபி குடிக்கவில்லை. சொந்தக்காரர்கள் யாராவது வந்து குட்டையைக் குழப்புவதற்குள் டாக்ஸி பிடித்து நேரே தலைநகர் நிக்கோசியாவில் நிலப்பதிவு அலுவலகத்துக்கு ஓட்டம்! கூட்டுப் பட்டா நிலத்தை விற்கப் பார்த்த எந்தக் குடும்பத்துக்கும் இந்த ஓட்டம் புரியும். சப்ரி கெட்டிக்காரர். சாவி கைக்கு வந்தால் வீடு வந்ததாக அர்த்தமில்லை என்று தெரிந்தவர்.

டரல் அங்கே அதிக நாள் இருக்கவில்லை. கிரீஸோடு சேரவேண்டும் என்று கிரேக்க சைப்ரஸ்காரர்கள் 1955 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆயுதம் எடுத்தார்கள். டரல் காலனி அரசாங்கத்தில் செய்தித்துறை வேலை பார்த்துவந்தார். நேற்றுவரை சேர்ந்து குடித்த நண்பர்கள் முகம் கொடுத்துப் பேசத் தயங்கினார்கள். 1956-ல் கிளம்பிவிட்டார். 1960-ல் தீவு சுதந்திரம் பெற்றது. 1963 டிசம்பரில் கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் அடிதடி. நிக்கோசியா வரைபடத்தில் ஒரு பிரிட்டிஷ் ஜெனரல் பச்சைப் பென்சிலால் கோடு போட்டார். அதனால் அதற்கு இன்றைக்கும் பச்சைக்கோடு என்றே பெயர். 1964-ல் ஐ.நா. படை வந்தது. அதன் முதல் தளபதி ஜெனரல் கியானி, இந்தியர். அடுத்தவர் குடகு ஜெனரல் திம்மையா, 1965 டிசம்பரில் அங்கேயே பணியில் இருக்கும்போது இறந்துபோனார். சைப்ரஸ் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

இவ்வளவு நடந்தும் கைரீனியா பென்ஷன்காரர்கள் அசையவில்லை. சண்டை அவர்களுடையது இல்லையே.

1974 ஜூலை 15-ஆம் தேதி, கிரீஸின் ராணுவ ஆட்சி தூண்டிவிட்டு ஜனாதிபதி மக்காரியோஸைக் கவிழ்த்தார்கள். ஐந்தே நாளில், ஜூலை 20 காலையில் துருக்கிப் படை வந்து இறங்கியது. எங்கே? கைரீனியாவுக்குப் பக்கத்துக் கடற்கரையில். பால்கனியில் உட்கார்ந்து டீ குடிக்கிற வயதில் குண்டுச் சத்தம். ஜூலை 23-ல் பிரிட்டிஷ் கடற்படை வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை கைரீனியா கரையிலிருந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. ஆளுக்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான். அந்தக் கப்பல்களில் பெரியதன் பெயர் ஹெர்மீஸ். மும்பைவாசிகளுக்கு அதைத் தெரியும், பெயர்தான் வேறு. 1987-ல் நம் கடற்படையில் சேர்ந்து ஐ.என்.எஸ். விராட் ஆனது அதுதான். கேட்வேயிலிருந்து எலிஃபெண்டா போகும் படகில் பையனுக்கு எத்தனையோ தடவை தூரத்திலிருந்து காட்டியிருக்கிறேன். அதன் மேல்தளத்தில் ஒருகாலத்தில் ரிட்டயர்டு கலெக்டர்கள் பெட்டியோடு நின்றிருப்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. 2017-ல் ஓய்வு கொடுத்தார்கள், 2020-ல் உடைப்பதற்காக குஜராத்தில் அலாங் கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

பென்ஷன்காரர்களுக்காவது போக ஒரு நாடு இருந்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் தீவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துருக்கிப் படை வசம். வடக்கில் இருந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கர்கள் வீட்டைப் பூட்டியும் பூட்டாமலும் தெற்கே ஓடினார்கள். தெற்கில் இருந்த துருக்கியர்கள் நாற்பதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் வடக்கே வந்தார்கள். நம் பஞ்சாப் பிரிவினை மாதிரி, சின்ன அளவில். சாவியை எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. கோச்சானை எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

இங்கேதான் பேங்க்காரன் மூளை விழிக்கிறது. காலியான வீடுகளை வடக்கு நிர்வாகம் என்ன செய்தது? தெற்கே சொத்தை விட்டுவந்த துருக்கியர்களுக்கு, விட்டுவந்ததன் மதிப்புக்குப் புள்ளி போட்டு, கிரேக்கர் வீட்டையும் தோப்பையும் ஈடாகக் கொடுத்தது. 1977-ல் அதற்குச் சட்டமே போட்டார்கள். அந்தப் பத்திரத்துக்கு 'எஷ்தேயர்' என்று பெயர், 'சமமதிப்பு' என்று அர்த்தம். அனாதையாக வந்தவனுக்கு ஒரு கூரை வேண்டும்தான், அதைத் தப்பு சொல்ல மனசு வரவில்லை. ஆனால் அதே நிலத்துக்கு 1974-க்கு முந்தைய கோச்சான் தெற்கே ஒருவர் பீரோவில் இருக்கிறது. 1983-ல் வடக்கு தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது. அங்கீகரித்த ஒரே நாடு துருக்கி. ஒரே நிலம், இரண்டு பத்திரம், அதில் ஒன்றைக் கொடுத்த அரசாங்கத்தை உலகம் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் வக்கீல் இதற்கு லீகல் ஒப்பீனியன் எழுதினால் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

இதில் ஒரு வேடிக்கை. 1974-க்கு முன்னால் வாங்கிய வெள்ளைக்காரர்களின் பழைய கோச்சானை இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்கிறார்கள். குண்டு விழுந்த ஊரில் வாங்கியவன் பத்திரம் பத்திரமாக இருக்கிறது, அமைதிக் காலத்தில் வாங்கியவன்தான் மாட்டிக்கொண்டான். எப்படி என்று பாருங்கள்.

2002-ல் இங்கிலாந்திலிருந்து ஒரு தம்பதி, கைரீனியாவுக்கு மேற்கே லப்பித்தோஸ் ஊரில் நிலம் வாங்கி வில்லா கட்டினார்கள். நீச்சல் குளம், சுற்றுச்சுவர் எல்லாம். அடுத்த வருஷம், 2003 ஏப்ரலில் பச்சைக்கோட்டு வாசல்களைத் திறந்தார்கள். 29 வருஷம் கழித்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாகத் தங்கள் பழைய வீட்டைப் பார்க்கப் போனார்கள். அந்த நிலத்தின் சொந்தக்காரரும் போய்ப் பார்த்தார். தன் மண்ணில் வேறு யாரோ கட்டிய வீடு. திரும்பி வந்து தெற்கு நிக்கோசியா கோர்ட்டில் வழக்குப் போட்டார். 2004 நவம்பரில் தீர்ப்பு: வீட்டை இடி, குளத்தை மூடு, நிலத்தைக் கொடு, நஷ்ட ஈடும் கட்டு. வடக்கில் போய் இடிக்க தெற்கு கோர்ட்டால் முடியாதே, என்ன கவலை என்றுதான் நாமும் நினைப்போம். ஆனால் அந்த வருஷம் மே 1-ல் சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்திருந்தது. ஒரு உறுப்பு நாட்டுத் தீர்ப்பை இன்னொரு நாட்டில் நிறைவேற்றலாம். வழக்கு இங்கிலாந்துக்குப் போயிற்று, அங்கிருந்து ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு. 2009 ஏப்ரல் 28-ல், தீர்ப்பு செல்லும் என்றார்கள். 2010 ஜனவரியில் லண்டன் அப்பீல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. சைப்ரஸ் வில்லாவுக்காக இங்கிலாந்தில் இருக்கிற சொந்த வீட்டுக்கே ஆபத்து! அதற்குப் பிறகும் விற்பனை நின்றுவிடவில்லை. 2024-லிருந்து, இப்படிப்பட்ட நிலத்தில் கட்டி விற்றவர்களையும் தரகர்களையும் தெற்கே கால் வைத்தபோது பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

சரி, வடக்கு வேண்டாம், தெற்கே வாங்கலாமே? அத்தானும் இதையே கேட்டார். தெற்கு அங்கீகாரம் பெற்ற நாடு, யூரோ நாணயம், வண்டி நம்மைப்போல இடதுபக்கம் ஓடுகிறது, வெளிநாட்டு பென்ஷனுக்கு 5 சதவீத வரி என்ற சலுகை வேறு. பாஃபோஸ் பக்கம் ஊர் ஊராக வெள்ளைக்கார முதியவர்கள். ஆனால் அங்கே வேறு கூத்து. பில்டர் நிலத்தை பேங்கில் அடமானம் வைத்துக் கட்டினான். வாங்கியவன் முழுப்பணம் கட்டியும் கோச்சான் கைக்கு வரவில்லை. பில்டர் தவணை கட்டாமல் போனால் பேங்குக்குத்தான் முதல் உரிமை. இப்படிப் பத்திரம் கிடைக்காமல் நின்றவை ஒரு லட்சத்துக்கும் மேல். 2015-ல் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. (மும்பையில் பில்டரிடம் பணம் கட்டிவிட்டு ஓ.சி.க்காக அலைகிறவர்கள் சிரிக்க வேண்டாம்.)

வீடு வேண்டாம், பணத்தை டெபாசிட்டில் போட்டு வாடகைக்கு இருக்கலாம் என்றால், 2013 மார்ச். கிரீஸ் கடன் பத்திரங்களில் கையைச் சுட்டுக்கொண்ட சைப்ரஸ் பேங்குகள் விழுந்தன. காப்பீட்டுக்குள் இருந்த சின்ன டெபாசிட்டிலும் 6.75 சதவீதம் பிடிப்போம் என்றார்கள் முதலில். பார்லிமென்ட் தூக்கி எறிந்தது. பேங்குகள் கிட்டத்தட்ட இரண்டு வாரம் திறக்கவில்லை. தீவில் இருக்கும் தன் ராணுவத்தினருக்காக பிரிட்டன் விமானத்தில் பத்து லட்சம் யூரோ ரொக்கம் அனுப்பியது. பென்ஷன் பணத்தை சைப்ரஸ் பேங்க் கணக்குகளுக்கு அனுப்புவதை நிறுத்தி வைத்தது. கடைசியில் ஒரு லட்சம் யூரோ வரை தப்பித்தது. அதற்கு மேல் இருந்ததில், பேங்க் ஆஃப் சைப்ரஸில் 47.5 சதவீதம் பங்குகளாக மாறிவிட்டது. இன்னொரு பெரிய பேங்க்கான லைக்கியை மூடியே விட்டார்கள். கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்த அந்த ஊர் ஊழியர்களை நினைத்துக்கொள்வேன். முதியவர் ஒருவர் பாஸ்புக்கோடு வந்து நின்றால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை அத்தானிடம் இதையெல்லாம் ஒன்றேகால் மணி நேரம் சொன்னேன். நடுவில் அக்கா காபி கொடுக்கிற சத்தம் கேட்டது. ஏஜென்ட்டுக்கு ஒரே ஒரு கேள்வி மட்டும் அனுப்புங்கள் என்றேன்: நிலம் 1974-க்கு முந்தைய கோச்சானா, எஷ்தேயரா? அன்று ராத்திரியே பதில் வந்தது. எஷ்தேயர்தானாம், 'அரசாங்க உத்தரவாதம்' உண்டாம்.

அத்தான் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எந்த அரசாங்கம்னு கேட்கலாமா?" என்றார். கேட்டிருக்கிறார். கூடவே 2,000 பவுண்ட் அட்வான்ஸையும் திருப்பிக் கேட்டிருக்கிறார். இன்றோடு ஒன்பது நாள். இன்னும் பதில் இல்லை.