யாருடைய உயரத்துக்கு அந்த மேசை?

அமெரிக்கப் புறநகர் வீடுகள் பலவற்றில் நின்று வேலை செய்ய இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று சமையலறை மேடை. மற்றொன்று கார் நிறுத்தும் கராஜில் உள்ள பட்டறை மேசை. அமைப்பில் இரண்டும் ஒன்றுதான். கீழே இழுப்பறைகள், சுவரில் அலமாரிகள், கைக்கெட்டும் தூரத்தில் கருவிகள். ஆனால் ஒன்றில் நடப்பதைக் கடமை என்றார்கள், மற்றொன்றில் நடப்பதைப் பொழுதுபோக்கு என்றார்கள். கடமை பெண்ணுக்கு, பொழுதுபோக்கு ஆணுக்கு. இந்தப் பிரிவினைக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1869இல் கேதரின் பீச்சரும் அவருடைய தங்கை ஹேரியட் பீச்சர் ஸ்டோவும் எழுதிய 'அமெரிக்கப் பெண்ணின் இல்லம்' என்ற நூல், கப்பலின் நெருக்கமான சமையலறையை வீட்டுக்கு முன்மாதிரியாகக் காட்டியது. பலகையையும் துணியையும் கொண்டு எளிய இருக்கைகளைச் செய்துகொள்ளும் முறையையும் அதே நூல் சொல்லிக்கொடுத்தது. பெண் கையில் சுத்தியல் இருப்பது அங்கே விந்தையாகத் தெரியவில்லை.

தொழிற்சாலைகளில் உழைப்பவர்களின் கையசைவுகளை ஆராய்ந்த பொறியாளர் லில்லியன் கில்பிரெத், 1920களில் அந்த ஆராய்ச்சியைச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். மேடையின் உயரம் அங்கே நிற்கும் பெண்ணுக்குப் பொருந்த வேண்டும் என்றார். ஆனால் சந்தையில் 36 அங்குலம் என்ற ஒரே அளவு நிலைத்துவிட்டது.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது பெண்கள் தொழிற்சாலைகளில் துளையிட்டார்கள், ஆணி அறைந்தார்கள், விமானங்களைப் பூட்டினார்கள். 1940இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் சுமார் 27 விழுக்காடாக இருந்த பெண்கள் 1945இல் சுமார் 37 விழுக்காடானார்கள். போர் முடிந்தபின்னும் வேலையில் தொடரவே அவர்களில் பெரும்பாலோர் விரும்பினார்கள். ஆனாலும் போர்வீரர்கள் திரும்பியதும் ஏராளமான பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

1946இல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் வீட்டு உபயோகத்துக்கான மின் துளைப்பான்களை விற்கத் தொடங்கியது. தொழிற்சாலையில் பெண்கள் பிடித்த கருவி, வீட்டுக்குள் ஆணின் கருவியாக நுழைந்தது. 1954இல் 'டைம்' இதழ், 'நீங்களே செய்யுங்கள்' என்ற இந்த அலையை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. அலுவலக வேலைக்குப் போன ஆண், தன் ஆண்மையை நிலைநாட்டிக்கொள்ள வீட்டுக்குள்ளேயே கண்டெடுத்த இடம் இது என்கிறார் வரலாற்றாசிரியர் ஸ்டீவன் கெல்பர்.

பள்ளிகளும் இதற்குத் துணைநின்றன. பையன்களுக்குத் தச்சுப் பட்டறை, பெண்பிள்ளைகளுக்கு மனையியல். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 'டைட்டில் நைன்' சட்டம் 1972இல் வந்து, அதன் விதிகள் 1975இல் நடைமுறைக்கு வந்த பிறகே, இப்படிப் பிரித்து உட்காரவைப்பது சட்டத்துக்குப் புறம்பானது.

சட்டம் மாறினாலும் மேசையின் அளவு அப்படியே நிற்கிறது. கராஜ் மேசைக்கும் 34 முதல் 36 அங்குலம் என்றே வழிகாட்டிகள் சொல்கின்றன. அது சராசரி ஆணின் அளவு. தச்சர்களின் பழைய கணக்கு இதைவிட நியாயமானது: நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள், மணிக்கட்டு எங்கே நிற்கிறதோ அதுவே மேசையின் உயரம். இழைப்புளி தள்ள இன்னும் சற்றுத் தாழ்வாகவும், நுணுக்க வேலைக்கு உயரமாகவும் வைத்துக்கொள்ளலாம். சுவர் அலமாரிக்கும் இதே கணக்குத்தான். முக்காலி போட்டு ஏறினால்தான் எட்டும் என்றால், அது பூட்டிய அலமாரிக்குச் சமம்.

உயரத்தைச் சரிசெய்ய ஒரு நாள் போதும். நேரத்தைச் சரிசெய்வதுதான் கடினம். சமையலறை மேடையில் எதையும் பாதியில் விட்டுவிட்டுப் போக முடியாது. அடுத்த வேளைக்குள் அது காலியாக, சுத்தமாக இருக்க வேண்டும். கராஜ் மேசையில் பாதி அறுத்த பலகை ஒரு வாரம் கிடந்தாலும் யாரும் கேட்பதில்லை. பெண்ணுக்கு இந்த வரலாறு கொடுக்க மறுத்தது வெறும் ரம்பத்தையும் உளியையும் மட்டும் அல்ல. தொடங்கியதை அப்படியே விட்டுவைத்து, மறுநாள் அதே இடத்தில் வந்து தொடரும் உரிமையையும்தான்.