திருவள்ளூர் கிராமங்கள் தந்த விடை

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்சார ரயில் அம்பத்தூர், ஆவடி நிலையங்களைக் கடந்து திருவள்ளூரை அடைகிறது. அந்நகரிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் மருத்துவ வரலாற்றின் மிகப் பெரிய தடுப்பூசிச் சோதனைகளுள் ஒன்று நடைபெற்றது. அன்றாடம் அந்த ரயிலில் செல்லும் நம்மில் பலர் இதை அறியோம்.

என் மாணவர் ஒருவர் தம் இடது தோளிலிருந்த தழும்பைக் காட்டிக் கேட்டார்: "பிறந்ததுமே எனக்கு பி.சி.ஜி. ஊசி போட்டார்களாம், சார். ஊசி போட்டுப் பெரியம்மையை ஒழித்துவிட்டோம். காசநோய் மட்டும் ஏன் ஒழியவில்லை?" இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு உடனே விடை தெரியவில்லை. தேடிப் பார்த்தபோது, அது பக்கத்து ஊரிலேயே இருந்தது!

பி.சி.ஜி.யின் கதை 1908-இல் பிரான்சில் தொடங்குகிறது. கால்மெத், கெரான் என்ற இருவர் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கு ஊடகத்தில் வளர்த்தனர். 13 ஆண்டுகளில் 230 முறை புதிய ஊடகத்துக்கு மாற்றி மாற்றி வளர்த்ததும், கிருமி தன் வன்மையை இழந்தது. 1921-இல் முதன்முதலாக அது ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. 'கால்மெத்-கெரான் கிருமி' என்னும் பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளே பி.சி.ஜி.

நம் நாட்டில் இம்மருந்தைத் தயாரிக்க 1948-இல் கிண்டியில் ஆய்வுக்கூடம் அமைந்தது. 1951-இல் நாடெங்கும் ஊசி போடும் இயக்கம் தொடங்கிற்று. எதிர்ப்பும் எழுந்தது. 1955-இல் இராஜாஜி இத்திட்டத்தை எதிர்த்து நூலே எழுதினார். மேலைநாட்டுச் சோதனைகளும் ஒரே விடையைத் தரவில்லை. பிரிட்டனில் பள்ளி மாணவரிடையே ஏறத்தாழ 80 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலோ 14 சதவீதமே. நம் ஊரில் எவ்வளவு? இதை வாதத்தால் முடிவு செய்ய இயலாது; அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளந்த முறை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், உலக சுகாதார நிறுவனத்துடனும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையுடனும் சேர்ந்து 1968-இல் இப்பணியில் இறங்கியது. அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருவள்ளூர்ப் பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது. 209 கிராமங்களிலும் திருவள்ளூர் நகரிலும் வீடுவீடாகச் சென்று மக்களைப் பதிவு செய்தனர். 1971 வரை 2,81,161 பேர் சோதனையில் சேர்க்கப்பட்டனர்.

இவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவுக்கு முழு அளவு பி.சி.ஜி.; இன்னொன்றுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு; மூன்றாவதற்கு மருந்தில்லாத வெற்றுநீர்மம். யார் எப்பிரிவில் சேர்வது என்பதைக் குலுக்கல் போன்ற முறையே முடிவு செய்தது. எந்த ஊசியில் எது இருந்தது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால், மனத்தின் விருப்பம் முடிவில் கலந்துவிடும் அல்லவா? பின்னர் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை ஊர்களுக்குச் சென்று, நோய் ஐயமுள்ளோரின் சளியைச் சோதித்தனர்.

ஏழரை ஆண்டுகளின் முடிவு 1979-இல் வெளிவந்தபோது உலகமே திகைத்தது. 15 ஆண்டுகளின் முழுக் கணக்கு 1999-இல் வெளிவந்தது. தொடக்கத்தில் காசநோய்த் தொற்று இல்லாதவராகக் கருதப்பட்டோர் 1,09,873 பேர். அவர்களுள் 560 பேருக்குக் காசநோய் வந்தது. முழு அளவு பிரிவில் 189, குறைந்த அளவு பிரிவில் 191, வெற்றுநீர்மப் பிரிவில் 180! வளர்ந்தோரின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி.யால் பயனில்லை என்பதே இதன் பொருள். குழந்தைகளிடம் மட்டும் சிறிது பாதுகாப்பு தென்பட்டது.

'இல்லை' என்பதன் மதிப்பு

1887-இல் மைக்கல்சனும் மார்லியும் ஈதரின் ஓட்டத்தை அளக்க முயன்று ஒன்றும் காணாமல் திரும்பினர். அந்த 'ஒன்றுமில்லை' இயற்பியலையே திருப்பிவிட்டது. திருவள்ளூர் தந்த 'இல்லை'யும் அத்தகையதே. பி.சி.ஜி. ஏன் இங்கே பலிக்கவில்லை? வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் பல உள்ளன. இவற்றோடு பழகிய உடலுக்குத் தடுப்பூசி புதிதாக எதையும் கற்றுத்தருவதில்லை என்பது ஒரு கருத்து. இது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது.

அப்படியானால் ஊசி எதற்கு? பச்சிளங் குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும், உடலெங்கும் பரவும் கொடிய வகையையும் அது தடுக்கிறது. ஆகவே குழந்தை பிறந்ததும் பி.சி.ஜி. போடுவது இன்றும் இன்றியமையாதது.

ஆனால் நோயைப் பரப்புவது பெரும்பாலும் வளர்ந்தோரின் இருமலே. அந்தச் சங்கிலியை இவ்வூசி அறுப்பதில்லை. மாணவரின் கேள்விக்கு விடை இதுதான். பெரியம்மைத் தடுப்பூசி உறுதியான பாதுகாப்பு தந்தது. நோயாளியை அவரது கொப்புளங்களே காட்டிக்கொடுத்தன. காசநோய்க் கிருமியோ ஆண்டுக்கணக்கில் உடலுக்குள் ஒளிந்திருக்கும்.

சங்கிலியை அறுக்க நோயாளியைக் கண்டுபிடித்துக் குணப்படுத்த வேண்டும். அதற்கும் வழிகாட்டியது சென்னையே. 1956-இல் இங்கே தொடங்கிய ஆய்வு, சானடோரியத்தில் கிடப்பவருக்கு நிகராக, வீட்டிலிருந்து மருந்து உண்பவரும் குணமடைவார் என்று நிறுவியது.

எனவே, தோளில் தழும்பு இருக்கிறதே என்று யாரும் அசட்டையாக இருந்துவிடலாகாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மருந்து அங்கே இலவசம். குறித்த காலம் முழுவதும் அதை உண்ண வேண்டும். தழும்பை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதை, தம் கைகளை நீட்டி உலகுக்கு உணர்த்தியவர்கள் திருவள்ளூர்க் கிராம மக்கள். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.