படுக்கையா, நடையா?

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துல இருக்குற சாமியோட பேரே வைத்தியநாதர். ஆனா அந்த ஊர்லயும் சரி, நம்ம ஊர்லயும் சரி, பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு வந்தா, எல்லாரும் சொல்ற வைத்தியம் ஒண்ணுதான்: "ஆடாம அசையாம படுங்க."

அக்கறைதான். ஆனா இந்த ஆபரேஷன் வந்ததே படுக்கையை ஒழிக்கத்தான்.

முன்னாடியெல்லாம் காலை நீட்டி, எடை தொங்கவிட்டு, மாசக்கணக்குல படுக்க வைப்பாங்க. தொடை எலும்பின் கழுத்து உடைஞ்சா அதுக்குப் போற ரத்த ஓட்டமும் அறுந்துபோகலாம். அதனால எலும்பு சுலபத்துல கூடாது. அதுக்குள்ள படுக்கைப் புண், நிமோனியா, ரத்தக்கட்டு வந்துடும். வலி குறைஞ்சதும் எழுப்பிடுங்கன்னு லண்டன் மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1820-களிலேயே எழுதிட்டார்.

1925-ல் பாஸ்டனில் ஸ்மித்-பீட்டர்சன், மூணு இறக்கை வச்ச உலோக ஆணியை எலும்புக்குள்ள அடிச்சு முறிவை நிறுத்தினார். ஆனா ஆணி மட்டும் போதாது. பிறகு இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் மைக்கேல் டேவாஸ், முதியோர் மருத்துவர்களையும் சேர்த்துக்கிட்டு நோயாளிகளைச் சீக்கிரமே நடக்க வைத்தார்.

இன்னிக்கும் இந்த முறிவு வந்த முதியவர்களில் 5 பேரில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துபோறாங்க. அதனால விழுந்ததும் அசைக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. ஆபரேஷன் முடிஞ்சதும் டாக்டர்கிட்ட முதல்ல கேக்க வேண்டியது: "பாட்டியை நாளைக்கே நிக்க வைக்கலாமா?"