சீல் உடைக்காத கேசட்

2021 ஜூலை 11ஆம் தேதி, அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனம் 'சூப்பர் மாரியோ 64' கேசட் ஒன்றை 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விற்றது. அன்றைய கணக்கில் சுமார் 11.6 கோடி ரூபாய். 1996இல் வந்த இந்த விளையாட்டு உலகம் முழுக்க 1 கோடிக்கும் மேல் விற்றது. அபூர்வமான பொருளே இல்லை. ஏலம் போன பிரதிக்கு இருந்த விசேஷம் ஒன்றுதான்: தொழிற்சாலையில் சுற்றிய பிளாஸ்டிக் உறையை யாரும் பிரிக்கவில்லை. அந்தக் கேசட்டுக்குள் இருக்கும் மொத்தச் சரக்கு 8 எம்பி. இன்றைய போனில் எடுக்கும் இரண்டு மூன்று போட்டோக்களின் அளவு.

இரண்டு நாள் முன்புதான் அதே ஏலத்தில் சீல் உடைக்காத 'செல்டா' ஒன்று 8 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போயிருந்தது. இந்தப் பெட்டிகளுக்கு மதிப்பெண் போட்டு, கெட்டி பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துக் கொடுக்கும் வாட்டா என்ற கம்பெனி 2018இல்தான் ஆரம்பித்தது. 2022இல் அதன்மேல் சேகரிப்பாளர்கள் வழக்கும் போட்டார்கள், விலையைச் செயற்கையாக ஏற்றினார்கள் என்று. அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை.

என் பிரச்சினை கல்மண்டபத்தில். எங்கள் தெருப் பையன் ஒருவன் போன வருஷம் ஒரு பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துவந்து காட்டினான். கேம்பாய்க்கான 'பொக்கேமான் ரெட்', அமெரிக்கப் பதிப்பு, உறை பிரிக்காதது. அவன் அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். சிங்கப்பூரில் வாங்கிவந்தாராம். கேம்பாய் அடுத்த டிரிப்பில் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வாங்கவில்லை. அதனால் கேசட்டும் பிரியவில்லை. அப்பா இப்போது இல்லை.

"பிரிச்சா துட்டு போய்டும்ணா. பிரிக்கலன்னா உள்ள இன்னா கீதுன்னே தெர்யாது. நீ இன்னா சொல்ற?"

நான் அப்போது சொன்ன பதில் அரைகுறை. அதற்கப்புறம் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊர்க் கதை. வடசென்னைக்கு வீடியோ கேம் வந்த வழி துறைமுகம். 1962 ராணுவ ஆட்சிக்குப் பிறகு பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா பஜார் உருவானது. வெளிநாட்டு எலெக்ட்ரானிக் சாமான்களை இஷ்டத்துக்கு இறக்குமதி செய்ய முடியாத காலம் அது. கப்பல்காரர்களின் பெட்டியிலும், சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் பறந்துகொண்டிருந்த 'குருவி'களின் மூட்டையிலும்தான் சரக்கு வரும். (விஜய் நடித்த 2008ஆம் வருஷப் படத்துக்கு அந்தப் பெயர் வந்தது இதிலிருந்துதான்.) குருவிக்கு சீல் உடைக்காத பெட்டி ஒரு தலைவலி. கஸ்டம்ஸ் கண்ணுக்கு அது புதுச் சரக்கு, விற்கக் கொண்டுவந்த சரக்கு. அதனால் அட்டையைக் கழற்றி வீசிவிட்டுப் பொருளை மட்டும் லுங்கிக்குள் சுற்றிக்கொண்டு வருவோம் என்று, அந்தக் காலத்தில் போய்வந்த எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அமெரிக்கச் சேகரிப்பாளர் கோடி கொடுக்கிற அந்த உறையை, இங்கே கரை இறங்கும் முன்பே உரித்துப் போட்டுவிட்டார்கள்.

தொண்ணூறுகளில் எங்கள் வீடுகளில் ஓடிய மெஷின் நின்டெண்டோவே அல்ல. 1983இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாமின் நகல். ஃபேமிகாமில் திருட்டுக் கேசட்டைத் தடுக்கும் பூட்டுச் சிப் கிடையாது. அமெரிக்காவுக்குப் போன மாடலில்தான் அதை வைத்தார்கள். எனவே தைவானிலும் சீனாவிலும் நகல் எடுப்பவர்களுக்கு ஃபேமிகாம் வசதியாக அமைந்தது. இன்னொரு வேடிக்கை: ஃபேமிகாம் கேசட்டுக்கு 60 பின், அமெரிக்கக் கேசட்டுக்கு 72 பின். கோடி ரூபாய் அமெரிக்க மாரியோவை இனாமாகக் கொடுத்தாலும் எங்கள் டிவி கேமில் அது நுழைந்திருக்காது.

எங்களுக்கு வந்தது '64 இன் 1', '9999999 இன் 1' கேசட்டுகள். தொண்ணூற்றொன்பது லட்சத்துச் சொச்சம் என்று போட்டிருப்பான். உள்ளே நாலைந்து விளையாட்டுதான் இருக்கும். அதையே ஒரு வரியில் முதல் கட்டத்திலிருந்து, அடுத்த வரியில் மூன்றாம் கட்டத்திலிருந்து, இன்னொன்றில் துப்பாக்கியோடு என்று ஆரம்பித்து லிஸ்ட்டை நிரப்பியிருப்பான். பல விளையாட்டுகளில் கம்பெனி பெயரும் காப்புரிமை வரியும் அழிக்கப்பட்டிருக்கும். அந்த மெனுத் திரையை நினைவிருக்கிறதா? கடற்கரை, பறக்கும் கடற்பறவைகள், பின்னால் 'அன்செயின்டு மெலடி'யின் 8 பிட் மெட்டு. உலகத்தில் பாதிப் பிள்ளைகள் வீடியோ கேமின் முதல் திரையாகப் பார்த்தது அதைத்தான். நின்டெண்டோ அதைச் செய்யவில்லை. செய்தவன் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவும் இல்லை.

இப்போது பையனின் பெட்டிக்கு வருவோம். உறை பொருளைக் காப்பாற்றும் என்று நினைக்கிறோம். பாதிதான் உண்மை. பொக்கேமான் கேசட்டுக்குள் நாம் விளையாடி நிறுத்திய இடத்தை நினைவில் வைக்க ஒரு லித்தியம் பட்டன் பேட்டரி உண்டு. விளையாடினாலும் விளையாடாவிட்டாலும் அது மெல்ல மெல்லத் தீரும். இருபத்தைந்து வருஷத்தில் அநேகமாகத் தீர்ந்திருக்கும், சில சமயம் கசிந்தும் இருக்கும். பெட்டியைப் பிரிக்காமல் அதை மாற்ற வழியில்லை. சுருக்குப் பிளாஸ்டிக் வருஷக்கணக்கில் இன்னும் இறுகி அட்டையின் மூலையை நசுக்குவதும் உண்டு. அதாவது விலை போகும் அந்த உறையே பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது.

உ.வே.சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சுவடி தேடிப் போன கதையை எழுதியிருக்கிறார். பாண்டியர் காலத்து ஏடுகள் கோயிலில் இருந்தன. தேடிப் போய்க் கேட்டால், பழுதான ஏடுகளை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்துத் தீயில் ஆகுதி செய்துவிட்டோம் என்று பதில் வருகிறது. மரியாதையோடுதான் எரித்திருக்கிறார்கள். ஓலைக்கு ஆயுசு சில நூறு வருஷம்தான். நம்மிடம் வந்துசேர்ந்த நூலெல்லாம், யாரோ ஒருவர் கட்டை அவிழ்த்துப் புது ஓலையில் திரும்ப எழுதியதால் வந்தவை. அவிழ்க்காத கட்டை முதலில் கறையான் படித்தது, அப்புறம் நெருப்பு படித்தது.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு "பிரிடா" என்று பையனிடம் சொல்லிவிட முடியாது. எதிர்ப்பக்க வாதம் பலமானது. அகழாய்வில் ஒரு பகுதியைத் தோண்டாமல் விடுவார்கள்; நாளை வரும் ஆட்களிடம் நம்மைவிட நல்ல கருவி இருக்கும் என்று. எதைத் தோண்டினாலும் அதை ஒருமுறைதான் தோண்ட முடியும். சீலும் அப்படித்தான். நின்டெண்டோ பெட்டியின் பின்புறம் உறை ஒட்டும் இடத்தில் ஒரு கோடு ஓடும். அசலா, பிரித்துவிட்டுச் சூடு வைத்துத் திரும்பச் சுற்றிய போலியா என்று நிபுணர்கள் அதைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். ஒரு காலத்துத் தொழிற்சாலை எப்படிப் பொட்டலம் கட்டியது என்பதும் சரித்திரம்தான். எல்லாப் பெட்டியையும் பிரித்துவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

என் கணக்கு இது. பொக்கேமானின் சிவப்பு, பச்சை, நீலப் பதிப்புகள் சேர்ந்து 3 கோடிக்கு மேல் விற்றவை. உள்ளே இருக்கும் 1 எம்பி எத்தனையோ தடவை நகலெடுக்கப்பட்டுவிட்டது. அந்தப் பெட்டியைப் பிரித்தால் சரித்திரத்துக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. பிரிக்கலாமா என்பது அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் நடுவில் உள்ள விஷயம். துட்டு தேவைப்பட்டால் விற்கட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நகல் எங்கேயும் இல்லாத ஒன்று சீலோடு கிடைத்தால் மட்டும் நான் கத்தரிக்கோலோடு வருவேன்.

நகல் இல்லாதவை எங்கே இருக்கின்றன? எங்கள் பக்கம் டிவி ரிப்பேர் செய்துகொண்டிருந்த ஒரு பாய், கடையைக் காலி செய்யும்போது ஒரு சாக்கு நிறையக் கேசட் கொடுத்தார். "எட்த்துனு போ தம்பி. இல்லாங்காட்டி காயலான் கடைக்குத்தான்." பிளாஸ்டிக் கிலோ கணக்கில் போயிருக்கும். அதில் ஒன்றுக்கும் அட்டைப் பெட்டி இல்லை. பாதிக்கு லேபிளே இல்லை. பின்னில் பச்சை பூத்திருக்கிறது. கடற்காற்று பாதி, நாம் எல்லோரும் கேசட்டை வாயில் வைத்து ஊதிய எச்சில் மீதி. (ஊதினால் ஓடும் என்பது பொய். கழற்றித் திரும்பச் செருகியதால்தான் ஓடியது.)

2023இல் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஓர் ஆய்வை வெளியிட்டது: அங்கே 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. முறைப்படி வெளியாகி, பெயரும் தேதியும் உள்ளவற்றின் கணக்கு அது. பர்மா பஜார் கேசட்டுகள் அந்தக் கணக்கிலேயே வராது. நமது 1957 காப்புரிமைச் சட்டம், நியாயமாக வாங்கிய மென்பொருளுக்குப் பாதுகாப்பு நகல் எடுக்க இடம் கொடுக்கிறது; திருட்டுக் கேசட்டை அந்தச் சலுகைக்குள் அடைப்பது கஷ்டம். எனவே எந்த நூலகமும் இதைத் தொடாது. ஏல நிறுவனமும் தொடாது.

ஆர்டுயினோ போர்டு வைத்துக் கேசட்டைப் படிக்கும் கருவியை நாமே செய்துகொள்ளலாம், வரைபடம் இணையத்தில் இலவசம். நான் செய்துகொண்டேன். ஓட்டைத் திறந்தால் உள்ளே வழக்கமான கறுப்புச் சிப் இருக்காது. ஒரு சொட்டுக் கறுப்புப் பிசின் மட்டும் உறைந்து கிடக்கும், அதற்கடியில்தான் சிப். கான்டாக்ட் கிளீனரும் பட்ஸும் வைத்துப் பின்னைத் துடைத்து, படித்து, ஒரே கேசட்டை இரண்டுமுறை படித்து ஒப்பிட்டு, லேபிளைப் படம் எடுத்து வைக்கிறேன். சிலது இணையத்தில் ஏற்கெனவே உள்ள நகலோடு பைட்டுக்கு பைட் ஒத்துப்போகிறது. சிலது ஒத்துப்போவதில்லை; மெனு வேறு, வரிசை வேறு. சிலது செத்துவிட்டது.

பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பின் துடைத்துத் தருகிறான். அவன் பெட்டி அவன் வீட்டு பீரோவில் அப்படியே இருக்கிறது. சாக்கில் பாதி மிச்சம். மழைக்காலம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.