அடுக்கு ஸ்டென்சில் வாழ்த்தட்டை

ஒரே படத்தின் பகுதிகளைத் தனித்தனியாக வெட்டிய ஸ்டென்சில் தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, மை தேய்த்துச் செய்யும் கைவினை அட்டை. பூவின் படமென்றால், முதல் தகடு இதழ் முழுவதையும் வெளிர்நிறத்தில் நிரப்பும். அடுத்தது நிழலையும் கடைசித் தகடு நரம்புகளையும் சேர்க்கும். தகடுகள் பெரும்பாலும் மைலார் எனும் பாலியெஸ்டர் படலத்தால் ஆனவை. தூரிகையில் மையைத் தொட்டு, அதிகப்படியை வேறு தாளில் துடைத்துவிட்டு, தகட்டின் மேல் தொடங்கி வட்டமாகத் தேய்த்தபடி வெட்டுக்குள் வர வேண்டும். நேரே அட்டையில் வைத்தால் திட்டு விழும், எளிதில் போகாது. வெளிர்நிறத்தை முதலில் இடுவதே நல்லது. நிறத்தேர்விலும் கவனம் வேண்டும்: மஞ்சளும் ஊதாவும் கலந்தால் மிஞ்சுவது சேற்றுநிறம்தான். இவ்வேலைக்குப் பயன்படும் மைகளில் ஒன்றான, ரேஞ்சர் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட டிஸ்ட்ரெஸ் ஆக்ஸைடு, சாய மையும் நிறமி மையும் சேர்ந்தது. பாரிஸில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செழித்த போஷ்வார் எனும் ஸ்டென்சில் அச்சுக்கலை இந்தக் கைவினைக்கு மூத்த உறவு. அதற்கென ழான் சோதே 1925-இல் ஒரு கையேடு வெளியிட்டார்.